தலைச்சுமையும் லாரியும்

(அமிர்தியில் மலைவாழ் மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நீங்கள் காட்டில் பொறுக்கும் கடுக்காய் எங்கே போகிறது? மருந்துக்குப் போகிறது, தோல் பதனிடவும் போகிறது. அதை மூட்டை கட்டித் தலையில் சுமந்து ரோட்டுக்கு வருகிறீர்கள். அங்கே வியாபாரியின் வேன் நிற்கிறது. விலை சொல்பவன் அவன். "கட்டாவிட்டால் திரும்பத் தூக்கிக்கொண்டு போ" என்கிறான். இறக்கிய மூட்டையை மறுபடி மலையேற்ற யாரால் முடியும்? அவன் கேட்ட விலைக்கே கொட்டிவிட்டுத் திரும்புகிறோம். இங்கிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குச் சக்கரம் வைத்திருப்பவன் அவன். ஆகவே லாபமும் அவனுக்கே.

கம்பெனிகள் எப்படிச் சரக்கு அனுப்புகின்றன? ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். தோலும் ஷூவும் கண்டெய்னரில் ஏறி, சீல் வைக்கப்பட்டு, சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. லாரி நிறையச் சரக்கிருந்தால் புல் லோடு. குறைவாக இருந்தால் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் பலருடைய சரக்கோடு சேர்த்து பார்ட் லோடு. பல கம்பெனிகள் லாரியைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை, வாடகைக்கு அமர்த்துகின்றன. டீசல் விலை ஏறினாலும், டயர் வெடித்தாலும் கஷ்டம் லாரிக்காரனுக்கு. டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரமே வேலை என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டும் டிரைவரைக் கேளுங்கள், அந்தச் சட்டத்தைக் கண்ணால் கண்டாரா என்று! அவரும் நம் வர்க்கத்தவரே.

ரயில் மலிவாயிற்றே என்பீர்கள். உண்மை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தவித்த சென்னைக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ஒரே ரயிலில் போயிற்று. 12 ஆயிரம் லிட்டர் லாரியானால் 200-க்கு மேல் வேண்டும். ஆனால் ரயில் மலையடிவாரத்துக்கு வராது. பத்து மூட்டைக்காக நிற்காது. நமக்கு ரோடுதான் வழி.

சர்க்கார் நமக்கு என்ன வழி சொன்னது? 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூல் நமக்குச் சொந்தம் என்றது. போராடிப் பெற்ற சட்டம் அது. ஆனால் 2008-ல் வந்த விதிகள் மகசூலை எப்படிக் கொண்டுபோகச் சொன்னது தெரியுமா? தலைச்சுமையாக, சைக்கிளில், கைவண்டியில்! கம்பெனிக்குக் கண்டெய்னர், ஆதிவாசிக்குக் கைவண்டி!

எதிர்ப்பு எழுந்தது. 2012 செப்டம்பரில் விதியைத் திருத்தினார்கள். காட்டுக்குள்ளும் வெளியிலும் தகுந்த வாகனத்தில் கொண்டுபோகலாம். அதற்கான பர்மிட்டைக் கிராம சபை அமைக்கும் கமிட்டியே தரலாம். இது நம் கையிலிருக்கும் ஆயுதம். உறையிலேயே வைத்திருந்தால் துருப்பிடிக்கும்.

எனவே மூன்று வேலைகள் உடனே வேண்டும்:

1. கிராம சபையைக் கூட்டுவோம், கமிட்டி அமைப்போம், பர்மிட்டை நாமே எழுதுவோம்.

2. மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சரக்கு வேன் ஒன்று தரச் சர்க்காரைக் கோருவோம். ஊருக்கு ஊர் மூட்டைகளை ஓரிடம் சேர்த்து எடைபோட்டு, ஒரே லோடாக அனுப்புவோம். கம்பெனிக்குப் பலித்த பார்ட் லோடு வித்தை நமக்கு மட்டும் பலிக்காதா?

3. குண்டும் குழியுமான மலைப்பாதைகளைச் சீர்செய்யச் சொல்வோம். வேன் ஏறாத ரோட்டில் உரிமையும் ஏறாது.

தனித்தனி மூட்டையாக நின்றால் வியாபாரி விலை வைப்பான். ஒரே லோடாகச் சேர்ந்தால் நாம் விலை சொல்வோம். சேருங்கள், தோழர்களே!