பிறவி வீரனும் அனுபவக் கணக்கும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வீடியோ கேம் என்னும் விளையாட்டுகளில் வரும் பிறவி வீரனைப் பற்றியாகும். "இதென்ன சிறுபிள்ளைச் சங்கதி?" என்று சிலர் சிரிக்கக்கூடும். புராணமும் நமக்குச் சிறுபிள்ளைக் கதையாகத்தான் முதலில் வந்து சேர்ந்தது என்பதை அவர்கள் மறக்க வேண்டாம்.

1986-ல் ஜப்பானில் எனிக்ஸ் கம்பெனியார் டிராகன் குவெஸ்ட் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அமைத்தவர் யூஜி ஹோரி என்பவர். அதில் டிராகன் ராஜா என்ற கொடியவன் உலகத்தையே ஆட்டிவைக்கிறானாம். அவனை ஒழிக்க, ரோட்டோ என்னும் பழைய வீரனின் இரத்தத்தில் வந்தவன் வருவானாம். ஆடுகிறவர்தான் அந்த வாரிசு.

சரி, இந்த இரத்தத்தின் மகிமையைச் சற்றுப் பார்ப்போம். அரசன் 120 பொன் கொடுத்து வழியனுப்புகிறான். ஆரம்பத்தில் கத்தி, கவசம் எல்லாம் காசு கொடுத்துக் கடையில் வாங்கவேண்டியதுதான். ஊருக்கு வெளியே போய், ஸ்லைம் என்ற அற்பப் பிராணியை அடித்து அடித்து அனுபவ மார்க்குச் சேர்த்தால்தான் ஒரு படி ஏறலாம். பொறுமையில்லாமல் தூரம் போனவன் செத்து, பாதிப் பொன்னையும் தோற்று, மறுபடியும் அரசன் முன் வந்து நிற்கவேண்டும். முதற்படியிலேயே டிராகன் ராஜாவிடம் போனால், ரோட்டோவின் இரத்தம் ஒரு நிமிஷமாவது காப்பாற்றுமா? கதை ஒன்று சொல்லுகிறது, கணக்கு வேறொன்று சொல்லுகிறது. பாடுபட்டவன் இவன், பெருமை மட்டும் பாட்டனுக்கு!

ஊர் ஜனங்களின் யோக்கியதையோ இன்னும் பரிதாபம். எத்தனை தரம் கேட்டாலும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஊர் பாழாய்ப்போனாலும் ஒருவன்கூட ஒரு கழியை எடுக்கமாட்டான். ஏன் எடுக்கவேண்டும்? வரவேண்டியவன்தான் வந்துவிடுவானே! இந்தக் காத்திருக்கும் புத்தியைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்களே என்பதுதான் நம்முடைய கவலை.

அதே வரிசையில் 1992-ல் வந்த ஐந்தாவது விளையாட்டில் ஆடுகிறவன் பிறவி வீரனல்ல. சிறு வயதில் தகப்பனைப் பறிகொடுத்து, பத்து வருஷம் அடிமையாய்க் கிடந்து தப்பி வருகிறான். தகப்பன் தேடி வைத்துப்போன தெய்விகக் கத்தி அவனுக்கு இணங்குவதில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டவனுக்கு இணங்காத கத்தி, அவன் பெற்ற பையனுக்கு இணங்குகிறது. தாய்வழி இரத்தமாம்!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அந்தப் பையன் கூட்டத்தில் வந்து சேரும்போது, அவனுடைய படி தகப்பனுடைய படிக்கு வெகு கீழே இருக்கிறது. தெய்விகக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அவனும் போய்ப் பிராணிகளை அடித்து மார்க்குச் சேர்க்கிறான்.