கோடும் விடியலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்படிக்கைக்குப் பின்னர், மலைநாட்டிலிருந்து கட்சாலின் ரப்பர்த் தோட்டத்திற்கு வந்தவர்கள் நம் முன்னோர். அந்நாளில் அங்கும் இங்கும் கடிகாரம் காட்டிய மணி ஒன்றே; கதிரவனோ இங்கே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்தி எழுந்தான். அஃது ஏன்?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது; ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஹட்டனுக்கும் கட்சாலுக்கும் ஏறத்தாழப் பதின்மூன்று பாகை இடைவெளி. ஆகவே, நெடுங்கோட்டை அளப்பதென்பது ஈரிடங்களின் நேர வேறுபாட்டை அளப்பதேயாம். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வு நிலையத்தில், வியாழனின் துணைக்கோள்கள் மறையும் கணத்தைக் குறித்து இவ்வாறே அளந்தனர்.

அளவு இயற்கையைச் சார்ந்தது. தொடக்கக் கோடோ மனிதரின் உடன்பாடு. நம் பண்டை வானநூலார் உஜ்ஜயினி வழியே செல்லும் கோட்டைக் கொண்டனர். 1884இல் வாஷிங்டனில் கூடிய 25 நாடுகளுள் 22 நாடுகள் கிரீனிச்சை ஏற்றன. கப்பல்களுட் பெரும்பாலானவை அக்கோட்டு வரைபடங்களையே கையாண்டமை அதற்குக் காரணம். 1906 முதல் இந்தியாவின் நேரம் 82½ பாகைக் கோட்டைக் கொண்டு அமைந்தது.

2000 ஜனவரி முதல் நாள், கிரீனிச்சில் நள்ளிரவு. நம் கடிகாரத்தில் காலை ஐந்தரை மணி. அவ்வேளையிலேதான் கட்சாலில் கதிரவன் எழுந்தான். புத்தாயிரத்தின் முதற்கதிர் கட்சாலுக்கே என்று நாளேடுகள் போற்றின. ஆயினும் பசிபிக் தீவுகளிற் பல மணி நேரத்திற்கு முன்பே விடிந்துவிட்டது! கோடு வேறிடத்தில் அமைந்திருப்பின், அப்புகழும் வேறிடம் சென்றிருக்கும்.

ஆதலின், பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் டிசம்பர் 25 அன்று முற்றத்தில் ஒரு கோலை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைப் பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கு 44 நிமிடம் முன்னதாகவே அது நிகழும். நாற்பத்து நான்கை நான்கால் வகுத்தால் பதினொன்று. அதனை 82½ உடன் கூட்டினால் 93½. அதுவே நம் கட்சாலின் நெடுங்கோடு.

எங்கோ செய்த உடன்படிக்கை நம்மை இடம் பெயர்த்தது. நாம் நிற்கும் இடம் எதுவென்பதை நம் பிள்ளைகள் தாமே அளந்து அறியட்டும்.