முற்றமும் களஞ்சியமும்



புனே நகருக்கு வரும் உறவினரை நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் சனிவார் வாடா. 1732-ஆம் ஆண்டு கிரகப்பிரவேசம் நடந்த அந்தப் பேஷ்வா மாளிகையில் இன்று எஞ்சியிருப்பவை மதிலும், வாயில்களும், அடித்தளங்களுமே. உள்ளே இருந்த மரக் கட்டடங்களை 1828-இல் மூண்ட தீ விழுங்கிவிட்டது. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்றது 1839-இல். 11 ஆண்டு முந்திக்கொண்டது தீ. அம்மாளிகையின் படம் ஒன்றுகூட நமக்கு வாய்க்கவில்லை.

அக்காலத்தவர்க்குக் கருவி இல்லை. நமக்கோ சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆயினும் கஸ்பா பேட்டையிலும் சதாசிவ பேட்டையிலும் பழைய வாடாக்கள் ஒவ்வொன்றாக மறைகையில், நாம் படம் எடுக்காமலே கடந்து போகிறோம். 1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்தபோது, ஆற்றங்கரை வாடாக்கள் பல ஒரே நாளில் சரிந்தன. இன்றோ, அடுக்குமாடிகளுக்கு இடம் விட்டு அவை மெல்ல மெல்ல விழுகின்றன.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் இருந்த எங்கள் வீடு, நான் உத்தியோகம் பார்க்க இங்கு வந்த பின்னர் இடிக்கப்பட்டது. திருமணப் படங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் மனிதர்களே நிற்கிறார்கள். வீடு தெரிவது ஒரே படத்தில்தான்: என் அத்தையின் தோளுக்குப் பின்னால், நெல் நிறைந்த பத்தாயத்தின் ஒரு மூலை. என் மகளுக்கு நான் காட்டக்கூடிய பிறந்தகம் அந்த மூலை ஒன்றே.

ஆகவே வாடாக்களைக் காணும்போது நான் முகப்போடு நின்றுவிடுவதில்லை. 1807-இல் எழுந்த விஸ்ராம்பாக் வாடாவின் மரத் தூண்களையும், வாழைப்பூ வடிவப் போதிகைகளையும் எவரும் படம் எடுப்பர். சாதாரண வாடாவின் உள்ளே செல்லுங்கள். அவர்கள் சௌக் என்பது நம் முற்றமே. ஒஸரி என்பது நம் தாழ்வாரமே. மூங்கிலால் பின்னிச் சாணம் மெழுகிய கணகி, நம் குதிருக்கு உடன்பிறப்பு. தானியத்தை நிலத்தடியில் சேமித்த குழியைப் பேவ் என்பர். வீடு உண்டு வாழ்ந்த வரலாறு இவற்றில் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்குப் பெரிய வடிவங்களும் உண்டு. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில், தஞ்சை நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று வட்டமாக எழுந்து கூம்பாக முடிகிறது. 3,000 கலம் நெல் கொள்வது. திருவரங்கம் கோயிலிலும் வட்டக் களஞ்சியங்கள் நிற்கின்றன. கனடா நாட்டுச் சமவெளியில், ரயில் பாதையோரம் ஆயிரக்கணக்கில் உயர்ந்து நின்ற மரத் தானியக் கிடங்குகளுள் இன்று எஞ்சியவை சில நூறே. அங்கும் அன்பர்கள் ஊர் ஊராகச் சென்று அவற்றைப் படம் எடுத்து வருகிறார்கள்.

எடுக்கும் முறை எளிது. முதலில் வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள். இரண்டு மராத்திச் சொற்கள் போதும், கதவு திறக்கும். சந்து குறுகலாயின் கருவியை அண்ணாத்திப் பிடிக்க வேண்டா. தூண்கள் சாய்ந்து தோன்றும். எதிர்வீட்டு மாடியிலிருந்து நேராக எடுங்கள். முற்றத்துக்குக் காலைச் சாய்வெயில் உகந்தது. உச்சிவெயிலில் தாழ்வாரம் இருண்டுவிடும். முழுத் தோற்றம் ஒன்று, அறைகள் தனித்தனியே, பின்பு தாழ்ப்பாளும் மாடமும். முடிவில் ஊர், தெரு, நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகத்தில், பழைய வீடுகளின் செதுக்குக் கதவுகளைக் காணலாம். போற்றத்தக்க சேகரம் அது. ஆனால், சொற்றொடரிலிருந்து பிரிந்த தனிச் சொல்லை மொழிபெயர்ப்பது எவ்வளவு அரிது என்பதை என் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. கதவும் அத்தகையதே. அது எந்தத் திண்ணையை நோக்கித் திறந்தது, அதன் வழியே எவ்வளவு வெளிச்சம் புகுந்தது என்பவற்றை ஒளிப்படமே நமக்குச் சொல்லும்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, சுற்றத்தாரைச் சற்றே விலகி நிற்கச் சொல்லி, வீட்டை மட்டும் ஒரு படம் எடுங்கள். திரும்பி வந்ததும், நீங்கள் குடியிருக்கும் தெருவின் வாடாவையும் எடுங்கள். வாழவைத்த ஊருக்கும் அந்தக் கடன் நமக்கு உண்டு.