தாவரச் சேர்வைகளும் தோலின் நிறமும்

அரிந்த கத்தரிக்காய் சிறிது நேரத்திற் கறுத்துவிடுவதை அறியாத இல்லமில்லை. அதனைத் தடுப்பதற்காகவே துண்டுகளை உடனே தண்ணீரில் இடுகின்றனர். காய் வெட்டுண்டதும் அதிலுள்ள சில பொருள்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து கருநிறம் அடைகின்றன. அச்சேர்க்கையை விரைவுபடுத்துவது செம்பைத் தன்னகத்தே கொண்ட ஒரு நொதியம். மனிதரின் தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாவதற்கும் அதே இனத்தைச் சேர்ந்த தைரொசினேசு என்னும் நொதியமே காரணமாகும்.

இந்நொதியத்தைத் தடுக்கவல்ல சேர்வைகள் தாவரங்கள் சிலவற்றில் உள்ளன. குளிர்ந்த நாடுகளில் தரையோடு படர்ந்து வளரும் பெயார்பெரிச் செடியின் இலையிலுள்ள ஆர்பியூட்டின் அத்தகையது. அவ்விலைக் கசாயத்தை ஐரோப்பியர் நெடுங்காலமாகச் சிறுநீர்த் தொல்லைகளுக்கு மருந்தாக அருந்தி வந்துள்ளனர். ஆர்பியூட்டினிலிருந்து உடலிற் பிரியும் ஐதரோகுயினோன் பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கவல்லது. ஆகவே, நிறத்தைத் தடுப்பதும் கிருமியைத் தடுப்பதும் ஒரே இலையிற் கூடியிருக்கின்றன.

இலங்கைக்கு அந்நியமல்லாத பலாவிலும் இவ்விரு பண்புகளையும் காணலாம். பலாவின் வைரத்தை அவித்துப் பிக்குகளின் சீவரத்திற்குச் சாயமேற்றுவது பழைய மரபு. அவ்வைரத்திலே தைரொசினேசைத் தடுக்கும் சேர்வைகளும், பற்சொத்தையை உண்டாக்கும் பற்றீரியாக்களைத் தடுக்கும் சேர்வைகளும் இருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

இவற்றைக் கேட்போர், செடியிலிருந்து கிடைப்பது தீங்கு செய்யாது என்று எண்ணிவிடுதல் கூடும். யப்பானில் நிகழ்ந்தது அவ்வெண்ணத்தைத் திருத்தும். மரப்பட்டைகள் சிலவற்றிற் காணப்படும் ரொடொடென்ட்ரோல் என்னும் சேர்வையை முகப்பூச்சுகளிற் சேர்ப்பதற்கு 2008ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அனுமதி வழங்கியது. தோலை வெளுப்பாக்கும் என்று நம்பிப் பலர் அவற்றைப் பூசினர். அவர்களுட் சிலரின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் தோன்றின. 2013ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்பூச்சுகள் சந்தையிலிருந்து மீட்கப்பட்டன. பாதிக்கப்பட்டோர் தொகை 18,000ஐத் தாண்டியது. பூச்சை நிறுத்தியபின் பலருக்கு நிறம் மீண்டது. சிலருக்கோ முற்றாக மீளவில்லை.

காரணம் பின்னர் ஆராயப்பட்டது. தன்னைத் தடுக்க வந்த சேர்வையையே தைரொசினேசு மாற்றி நச்சுப்பொருளாக்கியது. அந்நஞ்சு, நிறத்தை ஆக்கும் கலங்களையே அழித்தது. வேலையை நிறுத்த அனுப்பப்பட்ட பொருள் வேலையாளையே மாய்த்துவிட்டது எனலாம்.

மரஞ்செடிகள் ஆக்கும் இத்தகைய சேர்வைகள் பல, பூச்சிகளினின்றும் கிருமிகளினின்றும் அவற்றையே காத்துக்கொள்ள உதவுபவை. அவை மனிதனுக்கு மருந்தாவதும் நஞ்சாவதும் அளவையும், இடும் இடத்தையும், உடலின் இயல்பையும் பொறுத்தவை. மேலும், மெலனின் கழுவி நீக்கவேண்டிய அழுக்கன்று; ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்களினின்று தோலைக் காக்கும் குடை அது. அக்குடையை மடக்க முனைவோர், பச்சிலையிற் செய்தது என்னும் ஒரு சொல்லை மட்டும் நம்பாது, அப்பூச்சில் இருப்பது யாதென வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.