ரூம் சாவி யார் கையில இருக்கு?

ஒவ்வொரு வருஷமும் இந்த சீசன்ல இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் வாசல்ல ஒரே காட்சிதான். ஒரு பக்கெட், ஒரு மக், ரெண்டு பெட்ஷீட், அம்மா போட்டுக் கொடுத்த முறுக்கு டப்பா, அப்புறம் லோன்லயோ நகையை வெச்சோ வாங்கின ஒரு லேப்டாப். ஆபீஸ்ல ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க. அப்பா ஒரு கையெழுத்து, நாம ஒரு கையெழுத்து. அதுல எங்கயோ கீழ, "மாணவர்களின் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"னு ஒரு வரி இருக்கும். யாரும் படிக்க மாட்டாங்க. பின்னாடி க்யூ நிக்குது, அப்பாவுக்கு ஊருக்கு பஸ் பிடிக்கணும்.

இன்னைக்கு எபிசோட் அந்த ஒரு வரியைப் பத்தி. நான் வக்கீல் இல்ல, கோட் எழுதுற ஆளு. ஆனா நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தவன்ங்கிறதால இந்த வரியை எப்படியெல்லாம் யூஸ் பண்ணுவாங்கன்னு தெரியும். பொருள் காணோம்னு போய் நின்னா, ஃபைலைத் திறந்து கையெழுத்தைக் காட்டுவாங்க. அதோட பேச்சு முடிஞ்சிடும். முடியணுமா என்ன?

பதில் ஒரே கேள்வில இருக்கு. பொருள் காணாம போன நேரத்துல அது யார் கைவசம் இருந்துச்சு?

1872-ல போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்னும் நடைமுறைல இருக்கு. அதுல பெய்ல்மென்ட்னு ஒரு விஷயம் வரும். நம்ம பொருளை ஒரு காரணத்துக்காக இன்னொருத்தர் கையில ஒப்படைக்கிறோம், வேலை முடிஞ்சதும் அவர் திருப்பிக் கொடுக்கணும், அதான் பெய்ல்மென்ட். டிரை கிளீனர்கிட்ட கொடுத்த கோட், சர்வீஸுக்கு விட்ட பைக் எல்லாம் இதுக்குள்ள வரும். அப்படி வாங்கி வெச்சிருக்கிறவர், ஒரு சாதாரண விவரமான மனுஷன் தன்னோட சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துப்பாரோ அந்த அளவுக்குப் பார்த்துக்கணும்னு 151-வது பிரிவு சொல்லுது. அந்த அளவுக்குப் பார்த்துக்கிட்டும் பொருள் போயிடுச்சுன்னா அவர் மேல தப்பில்ல. அது 152.

சரி, "நாங்க பொறுப்பில்ல"னு முன்னாடியே எழுதி வாங்கிட்டா? இதுக்கு 2019 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்திருக்கு. கேஸ் நடந்தது ஹாஸ்டல்ல இல்ல, டெல்லில தாஜ் மஹால் ஹோட்டல்ல. 1998-ல ஒருத்தர் தன்னோட மாருதி ஜென் காரை வேலட் பார்க்கிங்குக்கு விட்டுட்டு உள்ள போறார். திரும்பி வந்தா வேற யாரோ காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. பார்க்கிங் சீட்டுல "ஓனரோட சொந்த ரிஸ்க்"னு அச்சடிச்சிருக்கு, அதனால நாங்க பொறுப்பில்லன்னு ஹோட்டல் சொல்லுது. கோர்ட் ஒத்துக்கல. சாவியை உங்க ஆள் கையில கொடுத்துட்டா கார் உங்க பொறுப்புல இருக்கு, கவனமாத்தான் பார்த்துக்கிட்டீங்கன்னு நீங்கதான் நிரூபிக்கணும், உங்க அலட்சியத்தை ஒரு அச்சடிச்ச வரியால மறைக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

வேலட் பார்க்கிங்குக்கும் ஹாஸ்டலுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். டம்ப் ரூமை நினைச்சுப் பாருங்க.

ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இப்ப வாசனையே வந்திருக்கும். வருஷக் கடைசில ரூமைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பெட்டி, மெத்தை, புக்ஸ், டிராஃப்டர் எல்லாத்தையும் மூட்டை கட்டி, மார்க்கர்ல பேர் எழுதி, கீழ ஒரு ரூம்ல அடுக்கிட்டு ஊருக்குப் போயிடணும். பூட்டு அவங்களோடது, சாவி அவங்ககிட்ட. ரெண்டு மாசம் கழிச்சு வந்தா மெத்தையில எலி குடும்பம் நடத்தியிருக்கும், பெட்டி நாதாங்கி நெம்பியிருக்கும். கேட்டா அதே வரியைக் காட்டுவாங்க. இங்கதான் அந்த வரி பலவீனமா இருக்கு. நம்ம பொருளை நம்ம கையில இருந்து வாங்கி, தன் பூட்டுக்குள்ள வெச்சது அவங்க. ஸ்டடி டைம்ல போனை வாங்கி ஆபீஸ் அலமாரில வைக்கிற காலேஜுக்கும் இதே கதைதான். வாங்கினா ஒரு டோக்கன் கொடுக்கணும், ரிஜிஸ்டர்ல எழுதணும். ஒரு கோயில் வாசல்ல செருப்பு விட்டாலே டோக்கன் கொடுக்கறாங்க மக்களே.

2020-ஐ மறக்க முடியாது. மார்ச் மாசம் ஒரு வாரம், பத்து நாள் லீவுன்னு நினைச்சு பசங்க ஒரு தோள் பையோட ஊருக்குப் போனாங்க. சர்டிபிகேட், லேப்டாப் எல்லாம் ரூம்லயே. ஜூன்ல சென்னை மாநகராட்சி அண்ணா பல்கலைக்கழக ஹாஸ்டலை கொரோனா பாதிச்சவங்களுக்காகக் கேட்டப்போ, உள்ள இருக்கற பசங்க பொருளை என்ன பண்றதுங்கிறது பெரிய கேள்வியா வந்துச்சு. நோயாளிகளுக்கு இடம் வேணுங்கிறதுல யாருக்கும் மறுப்பில்ல. ஆனா ஓனர் ஊர்ல இருக்கும்போது பூட்டின ரூமை வேற ஒருத்தர் திறந்து பொருளை எடுத்து வெச்சா, அந்த நிமிஷத்துல இருந்து பொறுப்பு திறந்தவர் கைக்குப் போகுது. லிஸ்ட் எழுதணும், போட்டோ எடுக்கணும், கூட ஒரு சாட்சி இருக்கணும்.

இப்ப மறு பக்கம். ரூம் பூட்டு உங்களோடது, சாவி உங்க பாக்கெட்ல, கதவைச் சாத்தாம குளிக்கப் போனீங்க, லேப்டாப் போச்சு. இதுல நிர்வாகத்தைப் பிடிச்சு இழுக்கறது ரொம்பக் கஷ்டம். நீங்க எதையும் அவங்ககிட்ட ஒப்படைக்கவே இல்ல. ஆனா கதவு நாதாங்கி உடைஞ்சிருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்தும் ரெண்டு மாசமா சரி பண்ணலைன்னா, அது அவங்க அலட்சியம்னு வாதாட இடம் இருக்கு. அதனால வாய்ல சொல்லாதீங்க, மெயில் போடுங்க. வார்டன்கிட்ட வாய்ல சொன்ன எதுவும் எந்த ஹாஸ்டல்லயும் நடந்ததா சரித்திரம் இல்ல.

எனக்கு இந்த விஷயத்துல நிஜமாவே கோபம் வர்ற இடம் வேற. நிர்வாகம் பொறுப்பில்லன்னு சொன்னதும் பொறுப்பு காத்துல கரைஞ்சு போயிடறதில்ல. அது யார் தலையிலயாவது போய் விழுது.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது எங்க ஃப்ளோர்ல ஒரு லேப்டாப் காணாம போச்சு. முதல்ல கூப்பிட்டது யாரைன்னு நினைக்கறீங்க? பெருக்க வர்ற அக்காவை. எல்லாரும் நிக்க, காரிடார்ல வெச்சு அவங்க ஒயர் கூடையைக் கொட்டச் சொன்னாங்க. சாப்பாட்டு டப்பா, ஒரு பழைய புடவை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அவ்வளவுதான் இருந்துச்சு. அடுத்து ஒரு பையனோட பெட்டி. ஏன் அவன் பெட்டின்னா, மெஸ் பில் பாக்கி வெச்சிருந்தான், அதான் ஆதாரம். நாலாவது நாள் யாரோ கேட்டுக்கிட்டதுக்காக சிசிடிவியைப் பார்த்தாங்க. விடிகாலைல யாருக்கும் தெரியாத ஒரு ஆள் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, வாட்ச்மேனைத் தாண்டி ஸ்டூடன்ட் மாதிரியே நடந்து போறான். லேப்டாப் கிடைக்கல. அந்த அக்கா அதுக்கப்புறம் வேலைக்கு வரல. அவங்ககிட்ட யாரும் சாரி கேட்டதா நான் கேள்விப்படல.

2020 டிசம்பர்ல குஜராத் ஜாம்நகர்ல மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல் லேப்டாப் திருட்டுல ஒருத்தரைப் பிடிச்சாங்க. வெவ்வேற மாநிலத்துல மெடிக்கல் ஹாஸ்டலாப் பார்த்துத் திருடிட்டு வந்த ஆள்னு நியூஸ் வந்துச்சு. எல்லாத் திருட்டும் வெளியாள் வேலைன்னு நான் சொல்லல, பக்கத்து ரூம்காரனே எடுத்த கதையும் உண்டு. ஆனா ஏழையா இருக்கறது ஒரு ஆதாரம் கிடையாது. கேட்டுல யார் வர்றா போறான்னு பார்க்க வேண்டிய வேலையைச் செய்யாதவங்க, கூடையைக் கொட்டிப் பார்க்கறது எந்த ஊர் நியாயம்?

தேடறது போலீஸ் வேலை. "போலீஸ் எல்லாம் வேணாம்ப்பா, காலேஜ் பேர் கெட்டுடும்"னு சொல்லுவாங்க. மரியாதையா சரிங்க சார்னு கேட்டுக்கிட்டு, ஸ்டேஷனுக்குப் போங்க. பாரதிய நியாய சன்ஹிதால 305-வது பிரிவு, மனுஷங்க குடியிருக்கற கட்டடத்துக்குள்ள நடக்கற திருட்டுக்கு ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை சொல்லுது. ஹாஸ்டல் ரூம் நாம குடியிருக்கற இடம்தானே. புகாரை ஆன்லைன்லயும் அனுப்பலாம், மூணு நாளுக்குள்ள போய் கையெழுத்து போடணும். எஃப்ஐஆர் போட்டா அதோட காப்பி இலவசம். நம்ம ஊர்ல முதல்ல சிஎஸ்ஆர் ரசீது கொடுப்பாங்க, அதையாவது வாங்காம வெளிய வராதீங்க.

போன் போச்சுன்னா, புகார் காப்பியோட சஞ்சார் சாத்தி சைட்ல போய் ஐஎம்இஐ நம்பரை பிளாக் பண்ணலாம். அதுக்கு அந்த நம்பர் தெரியணும். ஓடிபி வர்றதுக்கு அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம்மும் வேணும். ஸ்டார், ஹாஷ், ஜீரோ, ஆறு, ஹாஷ்னு டயல் பண்ணா ஐஎம்இஐ வரும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வெச்சுக்காதீங்கப்பா. அம்மாகிட்ட சொல்லி காலண்டர் பின்னாடி எழுதி வைக்கச் சொல்லுங்க. லேப்டாப் சீரியல் நம்பரும் அப்படியே, பில்லோட ஒரு போட்டோவும் வீட்டுக்கு அனுப்பிடுங்க.

டம்ப் ரூம்ல மூட்டை வைக்கிற சீனியர்ஸ், உள்ள என்ன இருக்குன்னு ரெண்டு லிஸ்ட் எழுதுங்க. ஒண்ணு மூட்டைக்குள்ள, இன்னொண்ணுல கேர்டேக்கர் அண்ணன்கிட்ட கையெழுத்து. அவர் போட மாட்டேன்னு சொன்னா, லிஸ்ட்டை போட்டோ எடுத்து வார்டனுக்கு அன்னைக்கே மெயில் தட்டிடுங்க.

அடுத்த வாரம் மெஸ் பில்லைப் பிரிச்சு மேயலாம். உங்க ஹாஸ்டல்ல எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் எவ்வளவுன்னு பார்த்து வைங்க.