இணைப்புகளைக் காத்து வைத்தல்



வானொலி நிலையங்களின் கட்டுப்பாட்டு அறையில் துளைகள் வரிசையாக அமைந்த பலகை ஒன்று முன்பு இருந்ததுண்டு. எந்த மைக்கின் ஒலி எந்தக் கருவிக்குச் செல்ல வேண்டுமோ, அவ்விரண்டின் துளைகளையும் பொறியாளர் ஒரு கம்பியினால் இணைப்பார். இரவு விளக்கை அணைத்துவிட்டுச் சென்றாலும், காலையில் அக்கம்பிகள் அப்படியே இருக்கும்.

இன்று அப்பலகை கணினிக்குள் புகுந்துவிட்டது. லினக்ஸ் கணினிகளில் அப்பணியைச் செய்வது ‘ஜாக்’ என்னும் அமைப்பு. அதனைத் தொடங்கியவர் பால் டேவிஸ். 2023-இல் முதற்பதிப்பு நிலையை எட்டிய ‘பைப்வயர்’ என்னும் அமைப்பும் ஜாக்கிற்கென எழுதிய நிரல்களை ஏற்று நடத்துகிறது. ஆனால் இங்கே கம்பி கண்ணுக்குத் தெரியாதது. நிரலை மூடினால் அதன் இணைப்புகளும் மறைந்துவிடும்.

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். குரல் பதிவுக்கும் எதிரொலி நிரலுக்கும் செல்ல இரண்டு இணைப்புகள். எதிரொலியின் இடமும் வலமும் செவிப்பொறிக்கு வர இரண்டு. தம்புரா நிரலின் இடமும் வலமும் பதிவுக்கும் செவிப்பொறிக்கும் செல்ல நான்கு. ஆக எட்டு. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் பாடி முடித்த பின்னர்தான் தெரியும். அந்தப் பாட்டு மீண்டும் அவ்வாறே அமையுமா?

இதற்குத் துணையாக ‘ஏஜே-ஸ்னாப்ஷாட்’ என்றொரு சிறு கருவி உண்டு. இதில் படங்கள் இல்லை, பொத்தான்கள் இல்லை. ஆணையை எழுத்தால் தட்டச்சு செய்தல் வேண்டும். கருவியின் பெயரையும் ஒரு கோப்பின் பெயரையும் எழுதினால், அவ்வேளையிலுள்ள இணைப்புகள் யாவும் அக்கோப்பில் பதிவாகும். இடையே ஒரு சிறு கோட்டையும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்தால், பதிந்தவை மீண்டும் உயிர் பெறும். ‘டி’ எழுத்தைச் சேர்த்தால் கருவி பின்னணியில் காவலிருந்து, நிரல்கள் தோன்றத் தோன்ற அவற்றை இணைக்கும்.

‘எக்ஸ்’ எழுத்தையும் மறத்தலாகாது. அது பழைய இணைப்புகளை முதலில் அறுத்துவிடும். அறுக்காமல் மீட்டால் பழையதன்மேல் புதியது சேரும். மைக்கின் ஒலி நேரே ஒலிபெருக்கிக்குச் செல்லும் பழைய இணைப்பொன்று எஞ்சியிருந்தால், அறை முழுதும் ஊளைச் சத்தம் எழக்கூடும்.

இக்கருவியின் எல்லையையும் அறிதல் நலம். அது நினைவில் வைப்பது பெயர்களை மட்டுமே. எந்த நிரலின் எந்த வாயில் எதனோடு சேர்ந்தது என்பதே கோப்பில் இருக்கும். ஒலியின் அளவோ எதிரொலியின் அமைப்போ அதில் இராது. அவற்றை அந்தந்த நிரலிலேயே சேமித்தல் வேண்டும். மூடியிருக்கும் நிரலை அது திறந்து தராது. வாயிலின் பெயர் மாறிவிட்டால், பழைய பெயரைத் தேடி அந்த இணைப்பு நிறைவேறாமலே போகும். ஆதலால் மீட்ட பிறகும் ஒருமுறை பாடிக் கேட்டுச் சரிபார்ப்பது கடமை.

கோப்பு வெறும் எழுத்தாலானது. திறந்து படிக்கலாம், திருத்தலாம், நகலெடுக்கலாம். கச்சேரிக்கு ஒன்று, பாடம் சொல்வதற்கு ஒன்று என வெவ்வேறாக வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு சரியாக அமைந்த அந்த நிமிடத்திலேயே, பாடத் தொடங்குமுன், அதனைப் பதிந்துவிடுங்கள். பாட்டை நாம் பத்திரப்படுத்துகிறோம். பாட்டு வந்த வழியையும் பத்திரப்படுத்துவோம்.