ஒளியா, நீரா?



இரும்பை எதனால் அறுக்கலாம் என்று கேட்டால் கொல்லர் உளியையும் அரத்தையும் காட்டுவார்; வெல்டிங் பட்டறைக்காரர் எரிவாயுச் சுடரைக் காட்டுவார். வெறும் ஒளியாலும் தண்ணீராலும் இரும்பை அறுக்கலாம் என்று நம் பாட்டனாரிடம் சொல்லியிருந்தால் நகைத்திருப்பார். இன்றோ இவ்விரண்டும் தொழிற்கூடங்களில் அன்றாட நிகழ்ச்சிகள். ஒரே தகட்டை இரு வழியிலும் அறுக்கலாம் என்றால், எதனை எப்பொழுது தேர்ந்தெடுப்பது? நாளை பொறியாளராகவோ, பட்டறை முதலாளியாகவோ, தொழிலாளியாகவோ ஆகப்போகும் உங்களுள் பலர் இந்த வினாவை எதிர்கொள்ள நேரிடும்.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கி விளையாடாத சிறுவர் உண்டோ? பரவிக் கிடக்கும்போது இதமாக இருக்கும் ஒளி, ஒரு புள்ளியில் குவியும்போது சுடுகிறது. லேசருக்கு அடிப்படையான கொள்கையை 1917-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வகுத்தார். 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். நம் நாட்டில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் கரியமிலவாயு லேசரை அமைத்தார். 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், லேசர் ஒளியோடு பிராணவாயுவையும் பாய்ச்சி எஃகுத் தகட்டை அறுத்துக் காட்டினார். இன்று கண்ணாடி இழை லேசரே தகட்டு வேலையில் பெருவழக்காகிவிட்டது.

இதில் ஒளி உலோகத்தை உருக்குகிறது. கூடவே பாயும் வாயு உருகியதை ஊதித் தள்ளுகிறது. சாதாரண எஃகுக்குப் பிராணவாயுவைச் செலுத்தினால், இரும்பே எரிந்து தன் பங்குக்கு வெப்பம் தருகிறது. எவர்சில்வருக்கு நைட்ரஜனைச் செலுத்தினால் விளிம்பு கறுக்காமல் வெளுப்பாக நிற்கிறது.

இனி நீருக்கு வருவோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. நீர்த்தாரை வெட்டு அந்தத் தேய்மானத்தையே மிக விரைவில் செய்துமுடிக்கும் வித்தை. நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு அழுத்தத்தில், கால் மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு ரத்தினத் துளையின் வழியே நீரைப் பீய்ச்சுகிறார்கள். அது ஒலியைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. தனி நீர் காகிதத்தையும் ரப்பரையும் அறுக்கும். உலோகத்தை அறுக்கக் கார்னெட் என்னும் கடினமான செம்மணலை அதனோடு கலக்க வேண்டும். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் முகமது ஹாஷிஷ் இம்முறையை உருவாக்கினார். அந்தக் கார்னெட் மணல் நம் தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளிலும் இயற்கையாகக் கிடக்கும் பொருள் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மெல்லிய தகட்டில் லேசரின் விரைவுக்கு ஈடில்லை. இரண்டு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் அது நிமிடத்துக்குப் பல மீட்டர் ஓடும். நீர்த்தாரை அதில் ஒரு சிறு பங்கையே கடக்கும். லேசரின் வெட்டுவாய் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான். நீரின் வெட்டுவாயோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆகவே நுண்ணிய துளைகளுக்கு லேசரே ஏற்றது. மின்பெட்டிகளுக்கு 500 பலகைகள் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், தயங்காமல் லேசருக்கு அனுப்பலாம்.

ஆனால் லேசர் வெட்டில் வெப்பம் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. கொல்லர் அரிவாளைக் காய்ச்சி நீரில் தோய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். உடனே அதன் வாய் கடினமாகிறது. லேசர் அறுத்த விளிம்பிலும் இதுவே நிகழ்கிறது. சுடுபட்ட விளிம்பின் வெப்பத்தை அருகிலுள்ள குளிர்ந்த உலோகம் சட்டென்று உறிஞ்சிக்கொள்ள, கரிமம் மிகுந்த எஃகாயின் விளிம்பு இறுகிவிடுகிறது. பின்னர் அத்துளையில் மறை வெட்டப் புகுந்தால் டாப் ஒடியும். தகட்டை வளைத்தால் விளிம்பில் விரிசல் காணும். வெட்டும்போது மிச்சமான நேரம் அடுத்த மேசையில் பறிபோகும்.

டைட்டேனியத்தில் விளைவு இன்னும் கடுமை. சூடேறிய டைட்டேனியம் காற்றிலுள்ள வாயுக்களை உண்டு நொறுங்கும் தன்மை அடைகிறது. விமானத்தின் உறுப்பில் அப்படி ஒரு நொறுங்கும் விளிம்பு இருப்பது உயிரோடு விளையாடுவதாகும். அத்தகைய வேலைக்கு, உலோகத்தின் இயல்பை மாற்றாத நீர்த்தாரையை நாடுகிறார்கள். நூறு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கட்டியையும் அது மெல்ல மெல்ல அறுத்துவிடும். கல், கண்ணாடி முதலியவற்றையும் அறுக்கும். உறுதியூட்டிய கண்ணாடி மட்டும் சிதறிவிடும்.

நீருக்கும் குறைகள் உண்டு. தாரை கனமான பொருளினுள் செல்லச் செல்லப் பின்தங்கி வளையும்; விரைந்து ஓட்டினால் வெட்டு சரிவாக அமையும். நிமிடத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை மணல் செலவாகும். சேற்றை அகற்றும் பொறுப்பும் சேரும். நனைந்த எஃகை உடனே துடைத்து எண்ணெயிடாவிட்டால் துருவேறும். லேசரிலும் எச்சரிக்கை தேவை. பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்கை அதில் வைத்தால் நச்சு வாயு எழும். இழை லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் கண்ணைக் கெடுக்கும். நீர்த்தாரையோ கையைத் துளைத்துவிடும். இரண்டிலும் காப்புக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்வது அறிவுடைமை ஆகாது.

இன்னொன்றும் கூறவேண்டும். கனத்த சாதாரண எஃகில் முரட்டு வெட்டுப் போதுமென்றால், பழைய காஸ் கட்டிங்கே மலிவானது. புதிய கருவி வந்தமையால் பழையது பயனற்றதாகிவிடாது.

ஆகவே நண்பர்களே, கருவியின் பெருமையைக் கேட்டு மயங்காதீர்கள். முதலில், இது என்ன உலோகம், எவ்வளவு கனம் என்று கேளுங்கள். அடுத்து, வெட்டிய துண்டு பிறகு என்ன பணி செய்யப்போகிறது, அதன் விளிம்பு எதனைத் தாங்க வேண்டும் என்று கேளுங்கள். விலையை அதன் பின்னரே கேளுங்கள். வெட்டுக் கூலியை மட்டும் கணக்கிடுபவர் பாதிக் கணக்கையே போடுகிறார். மறை வெட்டுதல், துடைத்தல், பிசிறு நீக்குதல் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பவரே முழுக் கணக்கையும் அறிவார். இந்த வரிசையில் சிந்திக்கும் பழக்கம் உலோகத்துக்கு மட்டுமன்றி, நீங்கள் மேற்கொள்ளும் எல்லாத் தொழிலுக்கும் துணைநிற்கும்.